நோட்டில் 34, விரிதாளில் 13: என் வாசிப்புக் கணக்கில் பிழை எங்கே?

கேள்வி

வணக்கம். இந்த ஆண்டு 52 புத்தகங்கள் படிப்பதென்று இலக்கு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் மிகுபுனைவும் (ஃபேன்டஸி) அறிவியல் புனைவும்தான். ஒவ்வொன்றையும் முடித்த அன்றே நோட்டில் பென்சிலால் தேதியோடு எழுதிவிடுவேன். போன வாரம் எல்லாவற்றையும் இணைய விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) ஒன்றில் ஏற்றினேன். நோட்டில் 34 இருக்கின்றன. விரிதாளிலும் வரிகளை விரல் வைத்து எண்ணினால் 34. ஆனால் இந்த ஆண்டில் முடித்தவற்றை எண்ணும் சூத்திரம் 13 என்கிறது. இப்போது செப்டம்பர்தான் நடக்கிறது; மாதவாரி வரைபடத்திலோ டிசம்பரில் ஒரு புத்தகம் முடித்ததாகக் காட்டுகிறது! இரண்டு இரவுகள் போராடிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம்: 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை ஒரே கட்டாக வந்த பதிப்பில் படித்தேன். அதை ஒன்று என்பதா, மூன்று என்பதா? குறுநாவல்களைச் சேர்க்கலாமா?

பதில் 1

தேதியை 25/3 என்று நாளை முதலில் போட்டா தட்டுகிறீர்கள்? அந்தப் பத்தியில் சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்கின்றனவா?

கேட்டவர்

ஆம், நாள்தான் முதலில். நீங்கள் சொன்ன பிறகே கவனித்தேன். இடப்பக்கம் 21, வலப்பக்கம் சரியாக 13!

பதில் 1

சூத்திரத்தில் பிழையில்லை. உங்கள் விரிதாள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வாசிக்கிறது. 25ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது. எனவே அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கிவிட்டது. மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் முடித்தவை மட்டுமே தேதியாக உள்ளே போயிருக்கின்றன, அதுவும் நாளும் மாதமும் இடம் மாறி. டிசம்பரில் தெரிவது ஏதோ ஒரு மாதம் 12ஆம் தேதி நீங்கள் முடித்த புத்தகம். நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

விரிதாளின் அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அதனால் மட்டும் பழைய பதிவுகள் திருந்திவிடாது. இடப்பக்கக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் நுழைந்து மறுபடி என்டர் தட்ட வேண்டும். வலப்பக்கத்து 13ஐயும் நோட்டைப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள். உண்மையில் அவைதான் ஆபத்தானவை, பார்க்கச் சரியாக இருந்து உள்ளே தவறாக இருப்பவை. 4/4, 7/7 போன்றவை மட்டும் தப்பியிருக்கும்.

பதில் 2

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை டோல்கீன் ஒரே நாவலாகத்தான் எழுதினார். செலவை எண்ணிப் பதிப்பகம் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. உள்ளே ஆறு 'புத்தகங்கள்' என்று பிரிவும் உண்டு. நானாக இருந்தால் ஒன்று என்றே எழுதுவேன். பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் படித்தவர் ஒரு நாவல் படித்தேன் என்றுதானே சொல்கிறார்?

குறுநாவலைத் தயங்காமல் சேருங்கள். அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதில் 17,500 சொற்களிலிருந்து 40,000 வரையுள்ள குறுநாவல்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு அக்டோபரில் நான் பின்தங்கியபோது, ஆசையாக வாங்கிய 'டியூன்' நாவலை அலமாரியிலேயே விட்டுவிட்டு மெலிந்த புத்தகங்களாகப் பொறுக்கிப் படித்தேன். எண்ணிக்கை நிறைந்தது, மனம் நிறையவில்லை. இப்போது என் இலக்கு பக்கக் கணக்கில்தான். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும் என்பது உண்மை. தமிழ் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தைவிடத் தடிமனாகவே வரும். இருந்தாலும் தடித்த புத்தகத்தைக் கண்டு இப்போது நான் ஒதுங்குவதில்லை. ஒலிநூலாகக் கேட்டால் அதன் அச்சுப் பதிப்பின் பக்கத்தை எழுதிக்கொள்கிறேன்.

கேட்டவர் (மறுநாள்)

34 வந்துவிட்டது! இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசம்பர் புத்தகம் மார்ச் 12இல் முடித்தது. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் முதல் நாவல். வேறொரு வரியில் பென்சில் மங்கி 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்த பஸ் டிக்கெட்டைத் தேடி எடுத்து 8 என்று உறுதி செய்தேன். டோல்கீனை ஒன்று என்றே வைத்துக்கொண்டேன். பக்கங்களுக்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

'டியூன்' இப்போது எதுவரை வந்திருக்கிறது?

பதில் 2

இரண்டாம் பகுதியில் இருக்கிறேன். நேற்றிரவு 312ஆம் பக்கத்தில் மூடி வைத்தேன்.