விறகு பாய்லர் புகைக்குழாயில் தார் கட்டுகிறதா? பட்டதைச் சொல்லுங்கள்

கல்யாண மண்டபம், மேற்கு மாம்பலம்:

மண்டபத்தின் பின்கட்டில், திறந்தவெளியில் 500 லிட்டர் விறகு பாய்லர் ஒன்று நிற்கிறது. முகூர்த்த நாளில் விடிகாலை நாலு மணிக்கு எல்லா அறைக்கும் வெந்நீர் போயாக வேண்டும். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் மட்டும் நாலு மரம் சாய்ந்தது. அறுத்துப் போட்ட தூங்குமூஞ்சிக் கட்டைகளைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. காசில்லாத விறகு! ஆள் வைத்து ஒரு வண்டி அள்ளிக் கொட்டினேன். மார்கழியில் கல்யாணம் இல்லை, அதற்குள் காய்ந்துவிடும் என்று கணக்கு. ஒரு மாதத்தில் முழுக்கட்டை காயுமா என்று யோசிக்கவில்லை.

தை பிறந்தது. மூட்டினால் புகை, புகை, அப்படி ஒரு புகை. குழாய் இணைப்பிலிருந்து கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று வடிந்து பின்சுவர் முழுக்கக் கோடு போட்டது. அடுப்பு ஆளிடம் தேய்க்கச் சொன்னேன், தேய்த்தார். மறுவாரம் மறுபடியும் பாகு. மூன்றாவது கல்யாணத்தன்று விடிகாலை மூன்றரைக்கு, பம்ப் ஸ்டவ்வை முழுக்கத் திறந்துவிட்டதுபோல் குழாய்க்குள் 'ஹோ' என்று ஒரு இரைச்சல். வெளியே வந்து பார்த்தால் குழாயின் நடுப்பகுதி செக்கச்செவேல். உச்சியிலிருந்து பொறி பறக்கிறது. பத்தடி தள்ளிக் கீற்றுப் பந்தல்.

அடுப்பு ஆள் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும், ஆவி முகத்தில் அடிக்கும். அடுப்புக் கதவையும் காற்றுத் துவாரத்தையும் இறுக்கி மூடி, கதவு இடுக்கில் மணலைக் கொட்டினோம். பந்தல் கீற்றில் மட்டும் தண்ணீர் தெளித்தோம். காற்று கிடைக்காமல் கால் மணி நேரத்தில் அடங்கியது. அந்த மாப்பிள்ளை வீட்டார் பச்சைத் தண்ணீரில் குளித்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஃபிட்டர் வந்து குழாயைக் கழற்றினார். ஆறு அங்குலக் குழாய், உள்ளே வழி மூன்று அங்குலம்தான். நெருப்பு எட்டாத மேல்துண்டில் கறுப்புக் கண்ணாடியை உருக்கி ஊற்றினாற்போல் பளபளவென்று இருந்தது. கிரியோசோட் என்றார். பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளில் பூசுவதற்கும் அதே பெயர்தான், ஆனால் அது நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது, இது விறகுப் புகையில் வருவது. பிரஷ் பற்றிக் கேட்டேன். "பிரஷ்ஷை விடுங்க சார், ராத்திரி எப்படி மூட்டுறீங்க?" என்றார்.

பத்து மணிக்கு அடுப்பு நிறையக் கட்டையைத் திணித்து, காற்றை மூடிவிட்டுப் படுப்போம். விடியும்வரை புகைந்துகொண்டே இருக்கும், விறகும் மிச்சம். அதுதான் வினை என்றார். காற்றில்லாமல் எரிந்தால் விறகிலிருந்து வரும் வாயு பாதி எரியாமலே மேலே போகும். குழாயின் சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த வாயு நீராவியோடு சேர்ந்து அங்கேயே படிந்துவிடும். ஈர விறகென்றால் நீராவியும் அதிகம், சூடும் குறைவு.

இப்போது ராத்திரி மூட்டுவதே இல்லை. ஒன்றரை மணிக்கு எழுந்து, மணிக்கட்டு அளவுக்குப் பிளந்த விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, காற்றைத் திறந்துவிட்டு, கொழுந்துவிட்டு எரிய விடுகிறோம். தூக்கம்தான் போச்சு.

ஆண்கள் விடுதி, திருவல்லிக்கேணி:

எனக்கு விறகில் குறையே இல்லை, காய்ந்த சவுக்குதான். ஆனாலும் அடுப்புச் சுவரில் கறுப்பாக வியர்த்துக்கொண்டே இருந்தது. காரணம் தண்ணீர். பையன்கள் காலையில் வரிசை கட்டித் திறப்பார்கள், திறந்த அளவுக்குப் பச்சைத் தண்ணீர் பாய்லருக்குள் இறங்கும். பாய்லரின் உடம்பு எப்போதும் வெதுவெதுப்புதான். அது வெதுவெதுப்பாக இருந்தால், எதிர்ப்பக்கம் நெருப்பே இருந்தாலும் புகை அங்கே படியத்தான் செய்யும். உள்ளே வரும் தண்ணீரோடு கொஞ்சம் வெந்நீரைக் கலந்து அனுப்பும்படி பிளம்பர் ஒரு சுற்றுக்குழாய் போட்டார். 60 டிகிரி தாண்டும்வரை யாருக்கும் திறப்பதில்லை என்று சட்டமும் போட்டேன். வியர்ப்பது நின்றுவிட்டது. பையன்கள் திட்டுவது நிற்கவில்லை.

மெஸ், கொளத்தூர்:

அடுப்பில் கைப்பிடி கல்லுப்பு போட்டால் கரி தானாக உதிர்ந்துவிடும் என்று என் மாமா சொல்வார். யாராவது செய்திருக்கிறீர்களா?

பாய்லர் வேலை, அம்பத்தூர்:

தயவுசெய்து வேண்டாம். உதிர்கிறதோ இல்லையோ, உப்புப் புகை இரும்பைத் தின்னும். கடல்காற்றில் ஏற்கெனவே துரு பிடிக்கிற ஊரில் நாமும் ஏன் சேர்ந்து உப்பைப் போட வேண்டும்?

கரியில் மூன்று தரம் உண்டு. தூசு மாதிரி இருந்தால் கம்பி பிரஷ் போதும். செதில் செதிலாக இருந்தால் முயன்றால் வரும். மாம்பலத்துக்காரர் சொன்ன கண்ணாடிப் பதம் வந்துவிட்டால் பிரஷ் வழுக்கும், பெரும்பாலும் குழாயையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே ஓட்டம் இருக்கும்போது வாரம் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வெற்றுத் தகரம் கணீரென்று கேட்கும், அடைத்தது மொத்தென்று கேட்கும்.

வெறும் தகரக் குழாய் மழையில் நனைந்தால் உள்ளே புகை உடனே குளிர்ந்துவிடும். இரட்டைக் குழாய் போட்டு நடுவில் கனிமப் பஞ்சு அடையுங்கள், உச்சியில் தொப்பி வையுங்கள். இன்னொன்று: பழைய ரயில் சிலீப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் எரித்துவிடாதீர்கள், அது விஷப் புகை.

விறகுத் தொட்டி, வியாசர்பாடி:

தொட்டிக்காரன் ஈரத்தை எடை போட்டு விற்கிறான் என்று எல்லோரும் சொல்வீர்கள். சில பேர் செய்கிறார்கள்தான். வாங்கும்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்னும், ஈரம் 'தொப்' என்னும். வெட்டுமுகத்தில் விண்டு போயிருந்தால் நல்லது. வேலிக்காத்தானானாலும் சவுக்கானாலும் பிளக்காமல் அடுக்கினால் காய ரொம்ப நாள் பிடிக்கும், பட்டை ஈரத்தை விடாது.

கல்யாண மண்டபம், மேற்கு மாம்பலம்:

தொட்டிக்காரர் சொன்னதோடு தராசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்கும்போது நாலைந்து துண்டை எடை போட்டு, வெட்டுமுகத்தில் சாக்பீஸால் எழுதிவிடுவேன். மே மாதம் 2 கிலோ 350 இருந்த ஒரு துண்டு ஆகஸ்டில் 1 கிலோ 600. அதற்கப்புறம் இறங்கவில்லை, அதை எரிக்கலாம். போனது முக்கால் லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் சூட்டில் 18 லிட்டர் வாளி ஒன்றை 60 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு வண்டி ஈர விறகில் எத்தனை வாளி போயிருக்கும் என்று கணக்குப் பார்த்து வயிறெரிந்தேன்.

ஐப்பசி மழைக்குத் தார்ப்பாயை மேலே மட்டும்தான் போடுகிறேன். நாலு பக்கமும் இழுத்து மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. அடியில் செங்கல் வைத்து ஒரு சாண் உயரம்.

மெஸ், கொளத்தூர்:

சரி, உப்பை விட்டுவிட்டேன். தராசு எங்கே வாங்கினீர்கள்?

கல்யாண மண்டபம், மேற்கு மாம்பலம்:

வாங்கவில்லை. சமையல்கட்டில் கத்திரிக்காய் நிறுக்கும் தராசுதான். பட்டைத் தூளைத் துடைக்காமல் திருப்பி வைத்து, சமையல் மாஸ்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.