ஒரே டீம், ஒரே தொல்லை, அவன் மட்டும் எப்படித் தூங்குகிறான்?

பெல்லந்தூர்வாசி:
போன வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர் படுத்துவிட்டது, ஆன்காலில் (எந்நேரம் கூப்பிட்டாலும் சரிசெய்ய வேண்டிய முறைவேலை) நானும் என் டீம் நண்பனும்தான். நாலரைக்கு ஒருவழியாகச் சரியானது. "சரிடா, தூங்கு" என்று போனை வைத்தவன் பத்து மணிவரை தூங்கியிருக்கிறான். நானோ மேனேஜர் என்ன கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று விடியும்வரை மனசுக்குள்ளேயே மீட்டிங் நடத்திக்கொண்டு கிடந்தேன். அப்புறம் நிஜ மீட்டிங்கில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே வயசு, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். இது பிறவிக் குணமா, மாற்ற வழி உண்டா? "பாசிட்டிவா இரு" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அம்மா தினமும் சொல்கிறார்.

ஜெயநகர் அக்கா:
தம்பி, நான் சைக்காலஜி படித்தவள். இந்தப் பதற்ற சுபாவத்துக்கு நியூராட்டிசிசம் என்று பெயர், நோய் இல்லை, உயரம் மாதிரி ஆளுக்கு ஆள் கூடும் குறையும். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பரம்பரையில் வருகிறது என்று தெரிகிறது, மிச்சம் வாழ்க்கை கொடுப்பது. 1991-இல் போல்ஜர், ஷில்லிங் என்ற இருவர் தம்பதிகளை ஆறு வாரம் தினமும் டைரி எழுத வைத்தார்கள். பதற்றக்காரர்களுக்குத் தொல்லைகள் கொஞ்சம் அதிகமாக வருவது உண்மைதான் (வீட்டில் சண்டையை அவர்களே இழுத்துக்கொள்வதும் சேர்த்து), ஆனால் வந்த தொல்லைக்கு மனசு எவ்வளவு ஆடுகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். உன் சர்வர் கதை அப்படியே அதுதான்.

பழைய டெலிபோன்காரன்:
இதில் எங்கள் தொழிலுக்கு ஒரு பங்கு உண்டு. சிகாகோ பக்கம் இல்லினாய் பெல் என்ற டெலிபோன் கம்பெனியில் மடி என்ற உளவியலாளரின் குழு பல வருடம் ஊழியர்களைக் கவனித்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஆட்குறைப்பு தலைவிரித்தாடியபோது மூன்றில் இரண்டு பங்கு ஊழியர்கள் உடம்பாலோ மனசாலோ அடிபட்டார்கள், ஒரு பங்கு தாக்குப்பிடித்தது. அந்தக் குழுவின் கொபாசா 1979-லேயே சொன்ன மூன்று விஷயம் தாக்குப்பிடித்தவர்களிடம் இருந்தது: வேலையில் ஒட்டுதல், நம்மால் ஏதாவது செய்ய முடியும் என்ற நினைப்பு, மாற்றத்தைப் புதுசாகக் கற்க வந்த வாய்ப்பாகப் பார்ப்பது. நம்ம ஊரில் ஸ்ட்ரோஜர் என்ற பழைய இயந்திர டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரானிக் கொண்டுவந்தபோது நானே பார்த்தேன். பிரஷ்ஷால் சுவிட்ச் துடைத்தே ஐம்பது வயதைத் தொட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் மானுவலை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பையன்களிடம் கூச்சமில்லாமல் கேட்டார், இன்னொருவர் பி.பி. மாத்திரைக்குப் போனார். முதல் ஆள் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை, வாயைத் திறந்தால் கத்துவார்.

ஹலசூரு ராஜா:
எல்லாம் சரி, அந்த நண்பனுக்குச் சொந்த வீடா, இஎம்ஐ உண்டா என்று யாரும் கேட்கவில்லையே? வேலை போனால் அப்பா பார்த்துக்கொள்வார் என்றால் நானும்தான் குறட்டை விடுவேன். எல்லாவற்றையும் குணத்தின் தலையில் கட்டினால் ஆன்கால் ஷிஃப்ட் போட்டவன் தப்பித்துவிடுவான். தவிர, பேக்கப் எடுத்தாயிற்றா என்று மூன்று தடவை பார்க்கிற ஆள் டீமில் யார்? இந்தப் பதற்றக்காரர்தான். தூக்கம் வாரக்கணக்கில் போனால் மட்டும் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

பெல்லந்தூர்வாசி:
ராஜா அண்ணா, அவனுக்கும் இஎம்ஐ உண்டு, என்னைவிடப் பெரிசு. நேற்று சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். போனை வைத்த கையோடு என்ன ஆச்சு, என்ன செய்தோம், நாளைக்கு என்ன பாக்கி என்று நாலு வரி மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டுத்தான் படுத்தானாம், "அனுப்பாமல் படுத்திருந்தால் எனக்கும் தூக்கம் வந்திருக்காது" என்றான். தேடிப் பார்த்தேன், நாலு நாற்பதுக்கு வந்திருக்கிறது, சிசியில் என் பெயரும் இருக்கிறது. நான் திறக்கவே இல்லை.