பரணில் கிடைத்த டப்பா நிறையப் பழைய காசு: எதைத் தேடுவது, எதை விடுவது?

திருமயம்_பேரன்

வணக்கம். காசு சேர்ப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் தாத்தாவின் தகர டப்பா ஒன்று கிடைத்தது. அவர் பர்மாவில் ஒரு கடையில் கணக்கெழுதிவிட்டு, யுத்தத்துக்குச் சற்று முன் ஊர் திரும்பியவர். டப்பாவில் இருநூறு காசுக்கு மேல் இருக்கும். ராஜா ராணி தலை போட்ட முழு ரூபாய் 14, ஓட்டைக் காலணா ஒரு கைப்பிடி, சதுர அணா, அலுமினியப் பத்து பைசா, தாமரைப்பூ போட்ட இருபது பைசா, அப்புறம் உளுந்து மாதிரி சின்னச் சின்னச் செப்புக் காசு நிறைய.

யூடியூபில் ஒருவர், 1818 என்று போட்டு ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு பத்து லட்சம் போகும் என்கிறார். அதுவும் என்னிடம் ஒன்று இருக்கிறது! மாமா ஒருவர் 1862 விக்டோரியா ரூபாயைப் பார்த்துவிட்டு, இதுதான் ரொம்பப் பழசு, இதை விடாதே என்றார். எதை எடுத்து வைக்க வேண்டும், எதைப் பழைய வெள்ளியாகப் போட்டுவிடலாம்? நேற்று அம்மா ஆறேழு காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார், மீதியையும் தேய்க்கலாம் என்று இருக்கிறோம்.

செல்லாக்காசு

தம்பி, முதலில் அம்மா கையிலிருந்து புளியை வாங்கி ரசத்துக்குக் கொடுங்கள். நூறு வருடமாகப் படிந்த அந்தக் கருப்புதான் சேகரிப்பவன் தேடுவது. தேய்த்த காசை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவோம், விலை பாதிக்குக் கீழே போய்விடும். புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, பித்தளை விளக்கும் பொடி எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துடைக்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். பிடிக்கும்போது விளிம்பைப் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது.

சரி, அந்த 14 ரூபாய்க்கு வருவோம். டப்பாவில் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. ஒரு சின்னத் தராசு (நகை எடை போடுவது, விலை அதிகமில்லை), ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். முழு ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்ததில் கொஞ்சம் குறையலாம். பத்து கிராம்தான் வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். 1939 வரைக்கும் வெள்ளி 91.7 சதவீதம். 1940இலிருந்து 1945 வரை யுத்தகாலத்தில் பாதிதான் வெள்ளி, விளிம்பில் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், பார்த்ததும் தெரியும். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல். 1947இன் பூப்பக்கத்தில் புலி நடந்து போகும். காந்தத்தில் ஒட்டினால் போலி என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருப்பார்கள், ஆனால் இந்த நிக்கல் ரூபாய் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும், ஒட்டாவிட்டால்தான் கோளாறு. நான் தொடங்கிய வருஷம் நல்ல புலி ரூபாய் இரண்டைப் போலி என்று நினைத்து ஒரு பையனுக்குச் சும்மா கொடுத்தேன். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உங்கள் மாமா சொன்ன 1862, பழசுதான், அரிது இல்லை. அந்த ஆண்டை அப்படியே அச்சில் வைத்துக்கொண்டு 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். எந்த வருஷத்தில் அடித்தது என்பதைப் பூப்பக்கத்தில் உள்ள சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும். அதிலே சில புள்ளி வகைகளுக்குத் தனி மதிப்பு உண்டு, எனவே பூதக்கண்ணாடி வைத்துப் பொறுமையாகப் பாருங்கள், மாமா சொன்ன காரணத்துக்காக அல்ல.

தேட வேண்டியவை: 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் அங்கியில் போட்ட யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஜனங்கள் கொதித்துவிட்டார்கள், அடித்ததில் பெரும்பகுதியை உருக்கி, 1912இலிருந்து யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். பன்றி ரூபாய் என்று கேட்டாலே வியாபாரிகளுக்குத் தெரியும். அடுத்தது 1939 ஆறாம் ஜார்ஜ், இது கிடைப்பதே அபூர்வம், ஆனால் போலி ஏராளம், இருந்தால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எந்தக் காசிலாவது கொக்கி பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், நம் வீடுகளில் பாதி ரூபாய் காசுமாலைக்குப் போய் வந்தவைதான். தழும்பு இருந்தால் வெள்ளி விலை மட்டும்.

மின்ட்ரோடு

ஓட்டைக் காலணாவைப் பற்றி யாரும் கனவு காணவேண்டாம். யுத்தத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை நடுவில் துளை போட்டுக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். இருபது பைசா தாமரையும் அப்படித்தான்.

1818 ராமர் காசு அச்சு அசல் டூப்ளிகேட், அதிலும் மூலமே இல்லாத டூப்ளிகேட். கம்பெனி எந்தக் காலத்திலும் அப்படி ஒன்றை அடிக்கவில்லை. ராமர், அனுமார் எல்லாம் போட்டுப் பிற்காலத்தில் யாரோ செய்து விற்றது. பூஜை அறையில் வைக்கலாம், தப்பில்லை.

முக்கியமான விஷயம் வேறு. "உங்கள் காசை லட்சத்துக்கு வாங்குகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் போடுங்கள்" என்று வாட்ஸப்பில் வருவார்கள், ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதமும் அனுப்புவார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: பழைய காசு, நோட்டு விற்பனையில் எங்களுக்குச் சம்பந்தமில்லை, நாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று. நல்ல ஏலக்காரன் காசு விற்ற பிறகுதான் தன் பங்கை எடுப்பான். விற்பதற்கு முன்னால் உங்களிடம் பணம் கேட்கிறவன் வியாபாரியே இல்லை.

அம்மன்காசு

அண்ணன்கள் ரூபாயிலேயே நின்றுவிட்டார்கள், எனக்கு அந்த உளுந்துதான் கண்ணில் படுகிறது. திருமயம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் புதுக்கோட்டைச் சீமை. அந்தச் செப்புக் காசில் ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருந்து, மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்று இருந்தால் அது அம்மன் காசு, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சொந்தக் காசு. அம்மன் பிரகதாம்பாள். ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. நவராத்திரியில் அரண்மனையிலிருந்து ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்கள், உங்கள் வீட்டுக்கும் அப்படி ஏதாவது வழியில் வந்திருக்கும். இயந்திரத்தில் அடித்தது வட்டமாக, ஒழுங்காக இருக்கும். கையால் அடித்தது கோணல்மாணலாக, தடிமனாக இருக்கும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். விலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நானாக இருந்தால் ஒன்றைக்கூட விற்கமாட்டேன்.

பழசு என்றால் விலை என்ற எண்ணத்தை உடைக்க ஓர் உதாரணம்: ராஜராஜ சோழன் செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் ராஜராஜன் பெயர். ஆயிரம் வருடம் ஆகிறது, இங்கேயும் இலங்கையிலும் அவ்வளவு கிடைப்பதால் தேய்ந்த ஒன்று ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டு விலைக்கே வந்துவிடும்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள், பழம்பொருள் சட்டப்படி அது குற்றம். வீடு இடிக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து பானையோடு ஏதாவது வந்தால் அது வேறு கதை, கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் நடப்பில் இருக்கிறது.

திருமயம்_பேரன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். பன்றி ரூபாய் இல்லை, 1939 இல்லை. 14இல் இரண்டு 1862, ஏழு ஐந்தாம் ஜார்ஜ், மூன்று பாதி வெள்ளி, இரண்டு நிக்கல் (காந்தத்தில் டக்கென்று ஒட்டியது, பயப்படவில்லை). ஒன்றில் கொக்கித் தழும்பு. அம்மன் காசு 41! அதில் ஆறு கோணல் ரகம். அம்மா தேய்த்தது எல்லாம் நல்லவேளையாக இருபது பைசா.

அணா காசுகளுக்கு நடுவில் ஒன்று புரியவில்லை. வட்டமானது, வெள்ளி மாதிரி நிறம், ஆனால் மங்கல். நடுவில் பெரிதாக 8, ஆண்டு 1919. எட்டணா என்றால் வெள்ளிதானே?

செல்லாக்காசு

தம்பி, அதைக் கீழே வைக்காதீர்கள். முதல் உலக யுத்தத்தால் வந்த வெள்ளித் தட்டுப்பாட்டில் 1919, 1920 இரண்டே வருஷம் செம்பு-நிக்கல் கலவையில் எட்டணா அடித்தார்கள், கள்ளக்காசு பெருகியதால் நிறுத்தி, திரும்பவும் வாங்கிக்கொண்டார்கள். கூடவே வந்த நாலணா எட்டு மூலையோடு இருக்கும், அது அவ்வளவு அரிதில்லை. எட்டணா நல்ல நிலையில் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

சந்தோஷப்படுவதற்கு முன் காந்தத்தில் வையுங்கள், ஒட்டக்கூடாது. மேலேயிருந்து, இரு பக்கமும், விளிம்பும் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். எழுத்து மொழுமொழுவென்று, வார்ப்பில் ஊற்றிய மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கள்ளக்காசுக்காரனிடம் தாத்தா ஏமாந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

திருமயம்_பேரன்

ஒட்டவில்லை. படம் நாளை காலை. அம்மா கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.