2.8 மீட்டர் இடைவழிக்கு எந்த ஃபோர்க்லிஃப்ட்?

கிடங்குப்பூனை:
ரேக் தூணிலிருந்து எதிர்த் தூணுக்கு 2.8 மீட்டர். மேல் பீம் 5.8 மீட்டர் உயரம். பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) 1200 × 1000 மில்லிமீட்டர், சரக்கோடு ஒரு டன். 1200 பக்கம்தான் ரேக்குக்குள் ஆழமாகப் போகும். லாரி இறக்குவது வெளியே, மேடுபள்ளமான சிமென்ட் தளத்தில். மூன்று சக்கர எலக்ட்ரிக் போதுமா, ரீச் டிரக் வேண்டுமா?

மாஸ்ட்மேன்:
மூன்று சக்கரத்தை விட்டுடுங்க. இந்தப் பேலட்டோட திரும்ப அதுக்கே 3 மீட்டருக்கு மேல வேணும். நாலு சக்கரம்னா 3.5. ரீச் டிரக் ஏறத்தாழ 2.7 - 2.9ல திரும்பிடும், ஏன்னா மாஸ்ட்டே (சரக்கைத் தூக்குற செங்குத்துச் சட்டம்) பின்னால நகர்ந்து சரக்கை உள்ளே இழுத்துக்கும். ஒண்ணு கவனிங்க: வண்டியோட முன்கால்களுக்கு (முன்னால நீட்டி நிற்கிற தாங்கு கால்கள்) நடுவே இருக்கிற இடம் பேலட்டோட 1000 அகலத்தை விடக் குறைவா இருந்தா, தரையில இருக்கிற பேலட்டைக் கால் உயரத்துக்கு மேல தூக்கின பிறகுதான் இழுக்க முடியும். அதனால கீழ்த்தட்டுல சரக்குக்கு மேல ஒரு 300 மில்லிமீட்டராவது காலியா விடணும்.

நட்டுபோல்ட்டு:
அளந்ததே தப்பு. தூணுக்குத் தூண் அல்ல, சரக்குக்குச் சரக்கு அளக்கணும். ரேக்கோட ஆழம் எவ்வளவு?

கிடங்குப்பூனை:
1000 மில்லிமீட்டர்.

நட்டுபோல்ட்டு:
அப்போ ஒவ்வொரு பேலட்டும் 100 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். உங்க இடைவழி 2.6தான். ரீச் டிரக் உள்ளே போகும், திரும்பாது. கேட்லாக்ல போட்டிருக்கிற இடைவழி அளவுல பெரும்பாலும் 200 மில்லிமீட்டர் இடைவெளி சேர்ந்தே இருக்கும். அதைக் குறைச்சுச் சமாளிக்கலாம்னு நினைச்சா முதல்ல நசுங்குறது ரேக் தூண்தான்.

இடைவழியை 2.9 ஆக்க ரேக்கை நகர்த்தலாம். ஆனா ரீச் டிரக்கோட சின்ன பாலியூரித்தேன் சக்கரம் உங்க வெளித்தளத்துல அடிபட்டுப் பிய்ஞ்சிடும், லாரிக்குத் தனி வண்டி வேணும். அதுக்குப் பதிலா ஆர்ட்டிகுலேட்டட் பாருங்க: முன்பாதி மட்டும் மடங்கித் திரும்பும், 2.1 மீட்டர் போதும், வெளியேயும் ஓடும். ஸ்டியரிங் பழக்கம் வேற, ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி கண்டிப்பா வேணும்.

கிடங்குப்பூனை:
டரட் டிரக் (வண்டி திரும்பாம, சரக்கு தூக்குற ஃபோர்க் மட்டும் பக்கவாட்டுல திரும்புறது)? இல்லைன்னா நடந்து ஓட்டுற ஸ்டாக்கர்?

மாஸ்ட்மேன்:
இடைவழி விஷயத்துல நட்டுபோல்ட்டு சொன்னதுதான் சரி. டரட் 1.8ல போகும், ஆனா தரையில தண்டவாளமோ வயர் வழிகாட்டியோ பதிக்கணும். தரை மட்டமும் இழைச்ச மாதிரி இருக்கணும்: இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.2 மீட்டர்ல 3 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தா, 6 மீட்டர் உயரத்துல 15 மில்லிமீட்டர் சாய்வு ஆயிடும். ஸ்டாக்கர் வேண்டாம். அந்த உயரத்துல பெரும்பாலானது ஒரு டன் தாங்காது. ஃபோர்க்குக்கு அடியிலேயே கால் இருக்கிற வகைன்னா, அடிப்பலகை மூடின பேலட்டுக்குள்ள நுழையவே நுழையாது.

எதை வாங்கினாலும் வண்டியோட பெயர்ப்பலகையில 6 மீட்டர் உயரத்துல, 600 மில்லிமீட்டர் லோடு சென்டருக்கு (ஃபோர்க்கோட செங்குத்துப் பக்கத்துலேருந்து சரக்கோட எடை மையத்துக்கு உள்ள தூரம்) எவ்வளவு தாங்கும்னு பாருங்க. சைடு ஷிஃப்டர் (ஃபோர்க்கைப் பக்கவாட்டுல நகர்த்துற கருவி) போட்டா அது இன்னும் குறையும். கதவு உயரத்தையும் அளங்க. மூன்றடுக்கு மாஸ்ட் சுருங்கினாலும் 2.6 மீட்டருக்குக் கீழே வர்றது கஷ்டம்.