பாஸ்டனில் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதுமா?

மூட்டைமுடிச்சு: வேலை விஷயமாக மே மாதம் பாஸ்டன் போகிறேன், ஒரு சனிக்கிழமை மட்டும்தான் கையில் இருக்கிறது. அமெரிக்கப் புரட்சி இடங்களைப் பார்க்க ஃப்ரீடம் டிரெயில் என்று தரையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்களாம், 16 இடங்கள், சுமார் 4 கிலோமீட்டர். அந்தக் கோட்டின் மேலேயே நடந்தால் போதுமா?

திண்ணைவாசி: தலைப்பைப் பார்த்து டெல்லி செங்கோட்டை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். சரி, வந்ததற்குச் சொல்கிறேன், போதாது. அந்த வழியே 1951இல் வில்லியம் ஸ்கோஃபீல்ட் என்கிற பத்திரிகைக்காரர் கிளப்பிவிட்ட யோசனை. புரட்சிப் பாதை என்று பெயர், ஆனால் பார்க் ஸ்ட்ரீட் சர்ச் கட்டியது 1809, கான்ஸ்டிட்யூஷன் கப்பல் தண்ணீரில் இறங்கியது 1797, அதாவது போர் முடிந்து 14 வருஷம் கழித்து. பழைய புத்தகக் கடை என்று ஒரு கட்டடம் வரும், நான் போனபோது அதில் மெக்சிகோ சாப்பாடு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கால்நடையாக: திண்ணைவாசி, நீங்கள் அந்தக் கிரனரி கல்லறைத் தோட்டத்துக்குள் போனீர்களா இல்லையா? நகரத்துக்கு நடுவில், ஆபீஸ் கட்டடங்களுக்கு இடையில், சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கிய கற்கள் சாய்ந்தும் சரிந்தும் நிற்கின்றன. புரட்சியை முன்னின்று நடத்திய சாமுவேல் ஆடம்ஸ், பால் ரெவியர், ஜான் ஹான்காக் எல்லாரும் ஒரே வளாகத்தில் கிடக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 1713இல் கட்டிய பழைய அரசு மாளிகை. அதன் வாசலில்தான் 1770 மார்ச் 5 அன்று ஆங்கிலேயச் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதில் 5 பேர் செத்தார்கள், அதே கட்டடத்தின் பால்கனியிலிருந்துதான் 1776 ஜூலை 18 அன்று சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள், அன்றைக்கே ஆங்கிலேய ராஜாவின் சின்னமான சிங்கம், ஒற்றைக்கொம்பன் சிலைகளையும் கூரையிலிருந்து இறக்கிக் கொளுத்தினார்கள். இப்போது மேலே இருப்பவை பிறகு செய்து வைத்தவை. அடியில் மெட்ரோ ஓடுகிறது, காலுக்குக் கீழே அதிர்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். இதை எந்தப் புத்தகம் தரும்?

திண்ணைவாசி: அந்த வாசலில் வட்டமாகக் கல் பதித்திருக்கிறதே, அதன் மேல் நின்று செல்ஃபி எடுத்தீர்களா? அதைச் சாலை வேலைக்காக இடம் மாற்றியிருக்கிறார்கள், துல்லியமாக அந்த இடம் இல்லை. அதை விடுங்கள். பாஸ்டனுக்கு உண்மையில் விடிவு வந்தது டார்செஸ்டர் மேட்டில். வாஷிங்டன் படையின் பீரங்கித் தளபதி ஹென்றி நாக்ஸ், நியூயார்க் பக்கத்து டிகொண்டரோகா கோட்டையிலிருந்து சுமார் 300 மைல் பனியில் பீரங்கிகளை இழுத்துவந்தார், அவற்றை மேட்டில் ஏற்றியதும் 1776 மார்ச் 17 அன்று ஆங்கிலேயப் படை ஊரைக் காலி செய்தது. உங்கள் கோடு அங்கே போகவே போகாது. புரட்சிக்காரர்கள் கூடிய லிபர்ட்டி மரம் நின்ற முனைக்கும் போகாது.

பனங்கிழங்கு: நடுவில் நுழைகிறேன். கோட்டில் இருக்கும் ஃபெனுவெல் ஹால், "சுதந்திரத்தின் தொட்டில்" என்று பெயர் வாங்கிய இடம், அதைக் கட்டிக்கொடுத்த பீட்டர் ஃபெனுவெல் அடிமை வியாபாரத்திலும் பணம் போட்டவர். இது தெரியாமல் வாசலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தால் பாதிக் கதைதான். பீக்கன் ஹில்லில் கறுப்பின மக்களின் வரலாற்றுக்குத் தனியாக ஒரு நடைவழி இருக்கிறது, 1806இல் கட்டிய ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ் அதில்தான் வரும்.

அப்புறம் ஒரு விஷயம், தேயிலை வரியை எதிர்த்து 1773இல் பாஸ்டன்காரர்கள் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையை நம் ஊர்த் தேயிலை என்று சிலர் நினைக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சரக்குதான், ஆனால் சீனாவில் விளைந்தது. அப்போது நீலகிரியில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது.

கால்நடையாக: பனங்கிழங்கு சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிமைத்தனத்தை எதிர்த்து மனு போட்ட பிரின்ஸ் ஹால் புதைந்திருக்கும் காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டம் இதே கோட்டில்தான் இருக்கிறது, அவருக்கு அங்கே நினைவுக்கல்லும் உண்டு. நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே டேனியல் மால்கம் என்கிற வியாபாரியின் கல் ஒன்று, சுதந்திரத்தின் உண்மை மகன் என்று வெட்டியிருக்கும், அதில் குண்டு பட்ட குழிகள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதை வைத்துச் சுட்டுப் பழகியதாகச் சொல்கிறார்கள். கோடு வழியைக் காட்டும், நின்று படிப்பது நம் வேலை. குனிந்தபடியே கோட்டைப் பார்த்து நடந்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் எப்படி?

திண்ணைவாசி: நான் குனிந்து நடக்கவில்லை ஐயா. கூட்டம் நடக்கவிடவில்லை.

மூட்டைமுடிச்சு: சண்டை போடாதீர்கள், எனக்குப் பயன்பட்டது. காலையில் கோடு ஆரம்பிக்கும் பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி காப்ஸ் ஹில் வரை கோட்டிலேயே போகிறேன், கப்பலை விட்டுவிடுகிறேன். 1775 சண்டையின் நினைவாக நிற்கும் பங்கர் ஹில் தூண் ஏறலாமா?

கால்நடையாக: 294 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் உங்களுடையது. சண்டை நடந்ததே பெரும்பாலும் பக்கத்து ப்ரீட்ஸ் ஹில்லில்தான், தூணும் அங்கேதான் நிற்கிறது, பெயர் மட்டும் பங்கர் ஹில். இதைத் திண்ணைவாசி சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

மூட்டைமுடிச்சு: அப்படியானால் அதற்குப் பதில் மாலையில் டார்செஸ்டர் மேடு. எப்படிப் போவது?

திண்ணைவாசி: பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரெட் லைன் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பிராட்வே. அங்கிருந்து நடை, கடைசியில் ஏற்றம்.

கால்நடையாக: கடைசியில் நீங்களும் அவரைச் சிவப்புக் கோட்டில்தான் ஏற்றிவிடுகிறீர்கள்.