புதுப்பிப்பு: தையல் வகுப்பு மின் தொகுப்பு, மூன்று மாதத்துக்குப் பிறகு

போன முறை கேட்டிருந்தேன்: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் மாலைநேரத் தையல் வகுப்பில், பைல் கட்டுக்குப் பதிலாகப் போனிலேயே வேலைச் சான்றுகளைச் சேர்த்து வைக்கலாமா என்று. பலர் மஹாராவைச் சொன்னீர்கள். 2006இல் நியூசிலாந்தில் தொடங்கிய மின் தொகுப்பு மென்பொருள், நல்லதுதான். ஆனால் அதை ஓட்ட ஒரு சேர்வர் கணினி வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. கூகுள் டிரைவில் ஆளுக்கொரு போல்டர் என்று முடித்துவிட்டோம்.

முதல் மாதம் தலைவலிதான். பாதிப் பேருக்குக் கடவுச்சொல் மறந்துபோனது. சிலருக்குப் போனே மகனுடையது. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) சிக்னல் கிடையாது, மேட்டு ரோட்டுக்கு ஏறினால்தான் படம் போகும். இப்போது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் என் ஹொட்ஸ்பொட்டில் ஏற்றிவிடுகிறோம்.

எழுதச் சொன்னது என் பிழை. "இன்று என்ன கற்றீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் "நன்றாக இருந்தது" என்றே எழுதினார்கள். சரி என்று குரல் பதிவுக்கு மாறினேன். கொழுந்து பறித்துவிட்டு வரும் ஓர் அக்கா, "மிஸ், கழுத்து வளைவை மூணு தரம் பிரிச்சேன், நாலாவதுதான் சரியா உட்கார்ந்துச்சு" என்று பேசியிருந்தார். மதிப்பீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? கோணலாகப் போன தையல்களின் படங்களையும் அழிக்கவிடவில்லை.

நால்வர் முன்கற்றல் அங்கீகார வழியில், அதாவது ஏற்கெனவே கைவந்த திறமையைக் காட்டி, என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழுக்குப் போகப் பார்க்கிறார்கள். தொகுப்பு மட்டும் போதாது, மதிப்பீட்டாளர் முன் தைத்தும் காட்டவேண்டும்.

அப்புறம், கேக் வகுப்பிலும் ஆரம்பித்தோம். அங்கே படம் எடுக்கும் முன்னமே வெட்டிவிடுகிறார்கள்.