பழைய சோஃபா உறைக்கு வீட்டிலேயே சாயம் போட்டேன், நீங்களும் சொல்லுங்கள்

வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்களிடம் மூன்று பேர் உட்காரும் சோஃபா ஒன்றை உறையோடு வாங்கினேன். சந்தன நிறம், எத்தனை துவைத்தாலும் பழுப்பு போகவில்லை. புது உறை தைக்கக் கேட்ட கூலி சோஃபா விலையைத் தாண்டியது. சரி, கருநீலம் ஏற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

ஜிப் ஓரம் உள்மடிப்பிலிருந்து நாலு நூல் உருவிக் கொளுத்தினேன். காகிதம் எரிந்த வாசனை, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல். பருத்திதான். உருகி மணியாக இறுகியிருந்தால் பாலியஸ்டர், அப்போதே கைவிட்டிருப்பேன்.

மாமா ஒருவர் ஈரோட்டில் சாயப்பட்டறையில் இருந்தவர். போன் போட்டால், என்ன கலர் என்றுகூடக் கேட்கவில்லை. "உறை எத்தனை கிலோ மாப்ளே?" பழைய பேப்பர்காரர் தராசில் நிறுத்தேன், 2.4 கிலோ. கிலோவுக்கு 40 கிராம் கணக்கில் 'எம்' சாயம் (கொதிக்கவைக்காமலே பருத்தியில் ஏறும் வகை), 50 லிட்டர் தண்ணீர், இரண்டரைக் கிலோ கல் உப்பு, ஒரு கிலோ சோடா ஆஷ் என்று சொன்னார். "ஆப்ப சோடாவப் போட்றாத, அதுல காரம் பத்தாது."

அடுப்பே வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீரே போதுமான சூடு. பிளாஸ்டிக் டிரம் எடுத்துக்கொண்டேன். அலுமினிய அண்டாவைச் சோடா அரித்துவிடும். உப்பும் சாயமும் கரைத்த தண்ணீரில் உறையை நனைத்துப் போட்டு அரைமணி நேரம் கை ஓயாமல் கிளறினேன். அப்புறம் சோடாவைத் தனியாகக் கரைத்து ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம். சோடா விழுந்த பிறகுதான் சாயம் நூலோடு பிணைகிறது. பிணையாத மிச்சம்தான் அலசும்போது ஓடி ஓடி வருகிறது. ஏழு தடவை அலசினேன், கடைசி இரண்டும் கொதிநீரில் சோப்புப் போட்டு.

காயப்போட்டதும் நிறம் அருமை. தையல் நூல் மட்டும் பாலியஸ்டர் போல, சந்தன நிறத்திலேயே நின்றுவிட்டது. வேண்டுமென்றே தைத்த மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதுகு சாயும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போய் இரண்டு வட்டம். அரை நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது, தேங்காய் எண்ணெய். அந்த வீட்டில் யாரோ இரண்டு பேர் வருஷக்கணக்காகத் தலை சாய்த்து டிவி பார்த்திருக்கிறார்கள். சந்தன நிறத்தில் அது கண்ணில் படவே இல்லை.

மாமா சிரித்தார். "மொதல்ல சோடா போட்டு வேக வெச்சியா?" இல்லை. பட்டறையில் அதுதான் பாதி வேலையாம். பாத்திரம் கழுவும் சோப்பு, சலவை சோடா, வெந்நீர் என்று மறுபடி தேய்த்து, பாதி அளவு சாயத்தில் இன்னொரு முறை முக்கினேன். ஒரு வட்டம் போய்விட்டது. இன்னொன்று காலை வெளிச்சத்தில் இன்னும் தெரிகிறது, அங்கே ஒரு குஷனை வைத்திருக்கிறேன்.

* * *

எனக்குத் தண்ணீர்தான் காலை வாரியது. எங்கள் போர் தண்ணீர் அவ்வளவு கடினம், சோடாவை ஊற்றியதும் டிரம்மில் சுண்ணாம்பு கலக்கியது போல வெளுத்துத் திரிந்துவிட்டது. மெரூன் கேட்டேன், வாடிய பீட்ரூட் கிடைத்தது, அதுவும் திட்டுத் திட்டாக. இதில் தண்ணீரை வீணாக்குவானேன் என்று கருவேப்பிலைக்கு ஊற்றினேன். பத்து நாளில் செடி மொட்டை. அத்தை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

* * *

நான் கடைச் சாயம் வாங்கவில்லை. நாலு குஷன் உறைதான், கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன். துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரில் அதை முக்கினால் கண் முன்னே கறுக்கிறது. கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு போடுவது இந்த முறையில்தான். வாசனை? கேட்காதீர்கள், மூன்று நாள் பால்கனிக் கதவைத் திறக்கவில்லை. இரும்புச் சாயம் நாளடைவில் பருத்தியை இற்றுப்போகச் செய்யும் என்பதால் சோஃபா உறைக்கு நான் துணியமாட்டேன்.

* * *

கருவேப்பிலை பட்டுப்போனது சாயத்தால் இருக்காது, உப்பும் காரமும்தான். திருப்பூர்க்காரன் சொல்கிறேன், எங்கள் நொய்யல் ஆற்றுக்கும் அதே கதி. கழிவிலிருந்து நிறத்தை எடுத்துவிடலாம், உப்பை எடுப்பதுதான் பெருஞ்செலவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் இதனால்தான். கருநீலம் போட்டவரே, உங்கள் 50 லிட்டர் எங்கே போனது?

* * *

சாக்கடைக்குத்தான், மறைக்கவில்லை. கொட்டுவதற்கு முன் வீணாக்க மனசில்லாமல் இரண்டு தலையணை உறைகளை ஒரு ராத்திரி அதில் ஊறப்போட்டேன். காலையில் அசல் கருநீலம். இரண்டாவது அலசலில் வெள்ளைக்கே திரும்பிவிட்டது.